உயர்த்திய வி-கிராஸுக்கு 33 அங்குல டயர் சரிவருமா? கடலூர், புதுச்சேரி நண்பர்களின் கருத்து வேண்டும்

கெடிலக்கரை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1.9 லிட்டர் எஞ்சின் கொண்ட இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், பின்னால் சரக்குத் தொட்டி உள்ள பிக்கப். நான்கு சக்கர ஓட்டம் உண்டு. கம்பெனியிலிருந்து 18 அங்குல அலாய் வீலும் 255/60 ஆர் 18 டயரும் (அகலம் மி.மீ.-இல், பக்கச்சுவர் அகலத்தின் விழுக்காட்டில், வீல் விட்டம் அங்குலத்தில்) வந்தன. நான்கு மாதங்களுக்கு முன், முன்புறம் புதிய ஷாக்கும் ஸ்பிரிங்கும், பின்புறம் வளைவு கூடிய லீஃப் ஸ்பிரிங்கும் போட்டு ஏறத்தாழ இரண்டு அங்குலம் உயர்த்தினேன். வேலை சுத்தமாகவே நடந்தது. ஆனால் உயர்த்திய பிறகு பழைய டயர்கள் மட்கார்டுக்குள் கொக்குக்கால் போலத் தெரிகின்றன. 52,000 கிலோமீட்டர் ஓடிவிட்டதால் எப்படியும் அவற்றை மாற்றியாக வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு கடையில் கேட்டபோது, 17 அங்குல விட்டமும் 9 அங்குல அகலமும் கொண்ட, ஆஃப்செட் பூஜ்யமான அலாய் வீலில் 285/70 ஆர் 17 டயர் போடச் சொன்னார்கள். அதுதான் 33 அங்குல விட்டமுள்ள டயர் என்றும், இரண்டு அங்குலம் உயர்த்திய வண்டிக்கு அது எங்கும் உரசாது என்றும் உறுதியளித்தார்கள். கடைக்காரர் கைப்பேசியில் காட்டிய படங்களைப் பார்த்த நொடியில் மனம் ஒப்புக்கொண்டுவிட்டது. முன்பணம் கொடுப்பதற்குள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

வில்லியனூர் ஹைலக்ஸ், புதுச்சேரி

நல்லவேளை, முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டீர்கள். வண்டி எங்கே ஓடுகிறது, பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றுகிறீர்கள், உயர்த்தியபோது முன்சக்கரத்தைச் சேஸியோடு இணைக்கும் மேல் ஆர்மையும் மாற்றினார்களா, அதன்பின் அலைன்மென்ட் பார்த்த தாள் கையில் இருக்கிறதா? இவை தெரியாமல் டயர் அளவு சொல்வது, கால் அளக்காமல் செருப்பு வாங்கச் சொல்வதைப் போன்றது.

கெடிலக்கரை, கடலூர்

வாரத்தில் மூன்று நாள் பண்ருட்டிக்கு அருகிலுள்ள எங்கள் சொந்தத் தோப்புக்குப் போய் வருவேன். பருவத்தில் முந்திரிக்கொட்டை நான்கு மூட்டை, மூட்டைக்கு 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஆள் இருப்பார். தோப்புக்குள் ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் தடம். மழைக்காலத்தில் அங்கே ஓர் ஓடை குறுக்கிடும். மற்ற நாள்களில் கடலூர் நகரம், மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு புதுச்சேரி. ஆகவே முக்கால் பங்குக்கு மேல் தார்ச்சாலைதான். மேல் ஆர்ம் மாற்றவில்லை. அலைன்மென்ட் பார்த்தார்கள், தாள் தரவில்லை. உயர்த்தியதிலிருந்து 90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் சற்று அலைவது போலவும், திருப்பிய பின் தானாக நேராகத் தயங்குவது போலவும் தோன்றுகிறது.

பழைய பட்டறை, முதலியார்பேட்டை

தம்பி, கடைசி வரியில் நீங்கள் சொன்னதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. டயர் பேச்சு அதற்குப் பிறகு.

முன்புறத்தை உயர்த்தும்போது ஆர்ம்கள் இரண்டும் கீழ்நோக்கிச் சாய்கின்றன. மேல் ஆர்மின் முனையிலுள்ள பால்ஜாயின்ட் முன்னோக்கி நகர்வதால் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இல்லாமல் நட்டுக்குத்தாக இருந்தால் கைப்பிடி எப்படி நிலைகொள்ளாமல் ஆடுமோ, அதே கதைதான் இங்கும். பெரிய டயர் போட்டால் அந்தக் குறை இன்னும் எடுப்பாகத் தெரியும். எனவே வேறொரு இடத்தில் அலைன்மென்ட் பார்த்து, காஸ்டர் எத்தனை டிகிரி, இடமும் வலமும் ஒத்திருக்கின்றனவா என்று அச்சிட்ட தாளைக் கையில் வாங்குங்கள். இருக்கும் திருத்த வசதியில் போதிய காஸ்டர் கிடைக்கவில்லை என்றால், புதிய வீலுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு மேல் ஆர்முக்குப் போக வேண்டும்.

அடுத்து, இரண்டு அங்குலம் உயர்த்தினால் உரசாது என்ற வாக்குறுதி. இதைப் பலரும் நம்புவதற்குக் காரணம், நிற்கும் வண்டியில் டயருக்கு மேலே தெரியும் இடைவெளி. உயர்த்தும்போது வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது; சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்போது மேலே எவ்வளவு தூரம் வர முடியும் என்பது அதைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் பம்ப் ஸ்டாப்பைப் பொறுத்தது, அது பழைய இடத்திலேயே இருக்கிறது. முழுமையாக அமுங்கிய நிலையில் உங்கள் வண்டிக்கும் உயர்த்தாத வண்டிக்கும் இடையே மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. இன்னொன்று, டயர் பெரும்பாலும் உரசுவது மேலே அல்ல. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரின் பின்விளிம்பு, கேபினைச் சேஸியோடு இணைக்கும் பிராக்கெட்டையும் அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உள்தட்டையும் நோக்கிப் போகும். அந்த இடைவெளி உயர்த்துவதால் கூடுவதில்லை.

அப்படியானால் உயர்த்தியதன் பயன் என்ன என்று கேட்பீர்கள். சேஸி, படிக்கட்டு, பம்பர், எண்ணெய்த் தொட்டி ஆகியவை தரையிலிருந்து விலகின. ஏற்ற இறக்கங்களில் மூக்கு இடிப்பது குறையும். ஆனால் பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும், சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் ஹவுசிங், சக்கரத்தின் மையத்தோடு கட்டிப்போடப்பட்டது. லீஃப் ஸ்பிரிங்கை எவ்வளவு வளைத்தாலும் அது ஓர் அணுவும் எழாது. அதைத் தரையிலிருந்து தூக்கும் ஆற்றல் டயரின் விட்டத்துக்கு மட்டுமே உண்டு. அதுவும் கூடிய விட்டத்தில் பாதி.

கணக்கை நீங்களே போடலாம். 255/60 ஆர் 18 என்றால் பக்கச்சுவர் 255-இல் 60 விழுக்காடு, அதாவது 153 மி.மீ. அதை இரட்டித்து, 18 அங்குலத்துக்கான 457.2 மி.மீ.-ஐக் கூட்டினால் 763 மி.மீ. வரும். கடைக்காரர் சொன்ன 285/70 ஆர் 17-க்கு இதே கணக்கில் 831 மி.மீ. இடைப்பட்டதான 265/70 ஆர் 17-க்கு 803 மி.மீ. ஆகவே 33 அங்குல டயர் உங்கள் ஹவுசிங்கை 34 மி.மீ. உயர்த்தும், இடைப்பட்டது 20 மி.மீ. உயர்த்தும். இரண்டுக்கும் உள்ள 14 மி.மீ. வேறுபாட்டுக்காக நீங்கள் என்னென்ன விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

தவளக்குப்பம் வண்டி

மூத்தவர் சொல்வதை மறுக்க மனமில்லை என்றாலும், இந்த ஊரில் அந்த 14 மி.மீ.-ஐ அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதும், இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணை நீரோடு தென்பெண்ணை பெருகியதும் யாருக்கும் மறந்திருக்காது. என் வி-கிராஸில் 285/70 ஆர் 17 இருக்கிறது. பாகூர்ப் பக்கம் உறவினர் குடும்பத்தை அந்தத் தண்ணீரிலிருந்து அழைத்து வந்தது அந்த வண்டிதான். சாதாரண டயரோடு போயிருந்தால் திரும்பியிருப்பேனா என்பது சந்தேகம்.

உரசலைப் பொறுத்தவரை, எனக்கும் உரசியது. பிளாஸ்டிக் தட்டைச் சூடாக்கி உள்ளே தள்ளி, பிராக்கெட்டின் முனையைச் சற்று வெட்டிப் பற்றவைத்துவிட்டோம். இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லை.

பழைய பட்டறை, முதலியார்பேட்டை

நீங்கள் ஒரு குடும்பத்தைக் கரை சேர்த்தது பெரிய காரியம். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அன்று உங்களைக் காப்பாற்றியது டயரின் உயரமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வெள்ளத்தில் எஞ்சினைக் கொல்வது காற்று உறிஞ்சும் வாய்க்குள் தண்ணீர் போவது. பெரிய டயர் அந்த வாயை 34 மி.மீ. உயர்த்துகிறது, எதிரே வரும் ஒரு பேருந்து எழுப்பும் அலை அதைப் போலப் பல மடங்கு. நீங்கள் மெதுவாக, ஒரே சீராக, முன்னால் எழும் அலையை முந்தாமல் ஓட்டியிருப்பீர்கள். அந்த ஓட்டம்தான் உங்களை மீட்டது. வெள்ளத்துக்காகச் செலவழிக்க விரும்புகிறவர் காற்று உறிஞ்சும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் ஸ்நார்க்கெல் குழாயும், அச்சுகளின் மூச்சுக்குழாயை மேலே ஏற்றும் சிறு வேலையும் செய்துகொள்ளட்டும். தண்ணீரில் இறங்கி வந்த பிறகு டிஃபரென்ஷியல் எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டும். பால் கலந்த காபி போல இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பிராக்கெட்டை வெட்டியதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபம் வேண்டாம். கேபினின் பாரம் அந்த இடத்தின் வழியாகத்தான் சேஸிக்கு இறங்குகிறது. நன்றாகப் பற்றவைத்தால் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் வாழ்கிறோம். தொழிற்சாலை வண்ணம் எரிந்துபோன வெல்டிங் விளிம்பை உப்புக்காற்று விட்டுவைக்காது. ஆண்டுக்கு ஒருமுறை சுரண்டிப் பார்த்து, துருத்தடுப்பு பூசிக்கொள்ளுங்கள்.

வில்லியனூர் ஹைலக்ஸ், புதுச்சேரி

டயர் அளவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கடைக்காரர் சொன்ன வீலின் அகலமும் ஆஃப்செட்டும்தான் எனக்கு அதைவிடப் பெரிய ஆபத்தாகத் தெரிகின்றன. ஏனென்றால் அந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன்.

ஆஃப்செட் என்பது, வீலின் அகலத்துக்கு நடுக்கோட்டிலிருந்து, அச்சில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மில்லிமீட்டரில் சொல்லும் எண். நேர்க்குறி எண் பெரிதாக இருந்தால் சக்கரம் உள்ளே ஒதுங்கி இருக்கும்; பூஜ்யத்தை நோக்கிக் குறையக் குறைய வெளியே வரும். என் ஹைலக்ஸின் சொந்த வீல் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் +30. உங்கள் வீலின் எண் ஆரக்காலின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும், கழற்றிப் பாருங்கள். நான் முதலில் வாங்கியது 9 அங்குலம், பூஜ்யம். அகலம் ஒன்றரை அங்குலம் கூடியதில் பாதி 19 மி.மீ. வெளியே வந்தது, ஆஃப்செட் குறைந்ததில் 30 மி.மீ. வந்தது. ஆக வெளிவிளிம்பு 49 மி.மீ. துருத்தியது. ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் நீளம்!

முதல் வாரம் தெருவே திரும்பிப் பார்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மட்கார்டைத் தாண்டி நின்ற டயர், கல்லையும் சேற்றையும் கதவின் மேல் வாரி இறைத்தது. ஆறு மாதத்தில் கதவின் அடிப்பகுதி வண்ணம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்தது. ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் கூடிவிட்டதால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் கையைப் பிடுங்கியது. வீல் பேரிங்கின் மீது நெம்புகோல் போல பாரம் ஏறி, ஒரு வருடத்துக்குள் இடப்பக்கம் ரீங்காரமிடத் தொடங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால், உரசலும் கூடியது. வெளியே தள்ளி நிற்கும் டயர், திரும்பும்போது இன்னும் பெரிய வட்டத்தில் சுழன்று பின்னால் உள்ள தட்டைத் தேடிப் போய் இடிக்கிறது. அதே டயரைக் கம்பெனி ஆஃப்செட்டுக்கு நெருங்கிய வீலில் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

கடைசியில் அந்த வீல்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, என் சொந்த 18 அங்குல வீலிலேயே 265/60-க்குப் பதில் 265/65 போட்டுக்கொண்டேன். விட்டம் 775-லிருந்து 802 மி.மீ. ஆனது. புது வீல் வாங்கும் செலவே இல்லை.

உங்களுக்குப் புதிய வீல்தான் வேண்டும் என்றால், 17-க்கு 8 அங்குலம், ஆஃப்செட் +20 அளவில் தேடுங்கள். +30 உள்ள 7.5 அங்குல வீலோடு ஒப்பிட்டால் 16 மி.மீ. மட்டுமே வெளியே வரும்; உள்பக்கம் மேல் ஆர்முக்கு 4 மி.மீ. கூடுதல் இடமும் கிடைக்கும். ஆறு போல்ட், அவை அமையும் 139.7 மி.மீ. வட்டம் என்பது பல பிக்கப்களுக்குப் பொது, நடுத்துளை பொதுவல்ல. என் வண்டிக்கு அது 106.1 மி.மீ. வெளிச்சந்தை வீலில் துளை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் ஒரு மெல்லிய நடுக்கம் போகாது. வீலின் பின்புறம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும் அது தாங்கும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். எடை எழுதாத வீலைத் தொட வேண்டாம்.

சட்டப்புள்ளி, கடலூர்

பொறியியல் பேச்சுக்கு நடுவே ஒரு குறுக்கீடு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. இது மத்தியச் சட்டம். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்தால் மாறிவிடாது.

உயர்த்திய வேலையே இந்தக் கேள்விக்குள் வருகிறது என்பதை நண்பர் உணர வேண்டும். செய்துவிட்டதைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் மட்கார்டுக்கு வெளியே 5 செ.மீ. துருத்தும் சக்கரம், சோதனையில் நிற்கும் எவர் கண்ணிலும் முதலில் படும். காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களை எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலைப் பாலிசியில் பதிந்துகொள்ளுங்கள். விபத்துக்குப் பின் வரும் சர்வேயர் முதலில் டயர் அளவைத்தான் படம் எடுப்பார்.

டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவும். 2020 ஜூனில் புதிய டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு, விசித்திரமான அளவுகள் எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது என்று சொல்ல முடியாது. பாதி வழியில் ஒரு டயர் கிழிந்து, அதே அளவு ஆறு மாதத்துக்குச் சந்தையில் இல்லை என்றால் என்ன செய்வீர்கள்?

கெடிலக்கரை, கடலூர்

அனைவருக்கும் நன்றி. முன்பணம் கொடுக்கும் எண்ணத்தை நிறுத்திவைத்திருக்கிறேன். முதலில் அலைன்மென்ட். காஸ்டர் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரு டிகிரிக்கு மேல் வேறுபட்டிருந்தது. திருத்திய பின் அலைவது பெருமளவு நின்றுவிட்டது. மேல் ஆர்ம் இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள்.

அடுத்து, நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் மைத்துனரின் நண்பரிடம் 265/70 ஆர் 17 டயர் போட்ட, ஆஃப்செட் +20 உள்ள 8 அங்குல வீல் இருந்தது. ஒன்றைக் கடன் வாங்கி முன் இடப்பக்கம் பொருத்தினேன். பிரேக் காலிப்பரில் இடிக்கவில்லை. பிறகு தோப்பின் வரப்பு ஒன்றில் அந்தச் சக்கரத்தை ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பினேன். முன்னோக்கிப் போகையில் எங்கும் தொடவில்லை. பின்னோக்கி முழுத் திருப்பத்தில் வரும்போது மட்டும் பிளாஸ்டிக் தட்டின் கீழ்மூலையை லேசாகத் தேய்த்தது. பிராக்கெட்டுக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தது. இதே சோதனையைத் தவளக்குப்பம் அண்ணனின் 285 டயரோடும் செய்து பார்க்க ஆசைதான். பிராக்கெட்டை வெட்ட எனக்குத் துணிவில்லை என்பதால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு குழப்பம். 265/70 ஆர் 17-இலேயே இரண்டு வகை இருக்கின்றன. ஒன்றில் 115 என்றும் இன்னொன்றில் முன்னால் எல்.டி. என்று எழுதி 121/118 என்றும் இருக்கிறது. எண் பெரிதாக இருப்பதால் இரண்டாவதுதானே வலுவானது?

பழைய பட்டறை, முதலியார்பேட்டை

சோதனையைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக் தட்டைச் சூடுகாட்டி ஒதுக்கினால் போதும்.

அந்த எண் சுமைக் குறியெண். 115 என்றால் ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும். 121 என்றால் 1,450 கிலோ. ஆனால் எல்.டி. (லைட் டிரக், சிறு சரக்கு வண்டி) வகையில் அந்த 1,450 கிலோ என்பது 80 பி.எஸ்.ஐ. காற்று இருக்கும்போது மட்டுமே. உங்கள் பழைய டயரில் 112 என்று இருந்தால், அதன் 1,120 கிலோவை எல்.டி. டயரில் எட்டவே ஏறத்தாழ 50 பி.எஸ்.ஐ. வைக்க வேண்டும். நான்கு மூட்டைக்காக யாரும் 50 வைத்து முதுகெலும்பை உடைத்துக்கொள்ள மாட்டார்கள், 35 வைப்பீர்கள். அப்போது அந்தக் கூடுதல் அடுக்குகளின் எடையைச் சுமப்பதுதான் மிச்சம். கருங்கல் குவாரிக்குள் போகும் வண்டிக்கு எல்.டி. வேண்டும், ஏனென்றால் அங்கே பக்கச்சுவர் கிழியும். பண்ருட்டிச் செம்மண்ணுக்கு 115 தாராளம்.

எடையை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், சக்கரத்தில் கூடும் கிலோவும் வண்டியில் ஏற்றும் கிலோவும் ஒன்றல்ல. மூட்டை சும்மா உட்கார்ந்திருக்கிறது. டயரின் எடை சுழல்கிறது, அதுவும் மையத்திலிருந்து தள்ளி. அதை ஒவ்வொரு முறையும் எஞ்சின் சுழற்றிவிட வேண்டும், பிரேக் நிறுத்த வேண்டும். விட்டம் கூடியதால் முதல் கியரின் இழுவையும் குறைகிறது: 803 மி.மீ. டயரில் ஐந்து விழுக்காடு, 831-இல் எட்டு. மூட்டையோடு ஈரச் செம்மண் மேட்டில் ஏறும்போது கிளட்ச் அதை உங்களுக்கு மணத்தால் உணர்த்தும்.

சில பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு சிறு கம்பி இணைத்த பிரேக் வால்வு இருக்கும். பின்புறம் உயர்ந்திருந்தால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எண்ணி, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்துவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால், உயர்த்தியபோது கம்பியைத் திருத்தினார்களா என்று அடியில் படுத்துப் பாருங்கள். பெரிய டயர், குறைந்த பின் பிரேக் என்ற இரண்டும் சேர்வது நல்லதல்ல.

தவளக்குப்பம் வண்டி

தரையைப் பிடிக்கும் டயர்க் கொத்தின் வடிவத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. சேற்றுக்கான மட் டெரெய்ன் போடலாமா, எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்னா? நான் முன்பு மட் டெரெய்ன் வைத்திருந்தேன். சேற்றில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வானொலியைக்கூடக் கேட்க முடியாத இரைச்சல். மழையில் அவசர பிரேக் போட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது ஆல் டெரெய்னுக்கு வந்துவிட்டேன். இந்த ஒன்றிலாவது மூத்தவரும் நானும் ஒத்துப்போவோம் என்று நினைக்கிறேன்.

பழைய பட்டறை, முதலியார்பேட்டை

முழுமையாக ஒத்துப்போகிறேன். ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கிய நீரின் மேல் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். அதற்கும் சேர்த்துத்தான் 285-ஐவிட 265 மேல் என்றேன். இன்னொன்று: 17 அங்குல வீலுக்கு இறங்குவதால் பக்கச்சுவர் 153-லிருந்து 185 மி.மீ. ஆகிறது. தாழங்குடா மணலிலோ தோப்பு மணலிலோ காற்றை 18 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினால் அந்தச் சுவர் தளர்ந்து, டயரின் தரைத்தடம் நீளமாகப் படியும். மணலில் வண்டியைக் காப்பது அந்த நீளம். தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் காற்றை நிரப்புங்கள். தளர்ந்த டயரோடு வேகமாகப் போனால் சூடேறிப் பிரிந்துவிடும்.

கெடிலக்கரை, கடலூர்

போட்டுவிட்டேன். 265/70 ஆர் 17, ஆல் டெரெய்ன், குறியெண் 115. வீல் 8 அங்குலம், ஆஃப்செட் +20. பக்கச்சுவரிலுள்ள கடைசி நான்கு எண்களில் வாரத்தையும் ஆண்டையும் பார்த்து, நான்கும் ஒரே ஆண்டின் தயாரிப்பாக இருக்கும்படி எடுத்தேன். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை மறுபடி முறுக்கிச் சோதித்ததில் ஒன்று கால் சுற்று இறங்கியது.

ஆறு வார அனுபவம் இது. முன்பு வேகமானி 80 காட்டும்போது ஜி.பி.எஸ்.-இல் 76 இருந்தது; இப்போது இரண்டும் 80. மைலேஜ் 12-லிருந்து 11-க்கு இறங்கிவிட்டதே என்று முதலில் வருந்தினேன். பிறகுதான் ஓடோமீட்டரே ஐந்து விழுக்காடு குறைவாக எண்ணுகிறது என்பது உறைத்தது. திருத்திப் பார்த்தால் 11.5-க்குச் சற்று மேல். சர்வீஸ் கணக்கையும் அதற்கேற்ப முன்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். மஞ்சக்குப்பம் சந்துகளில் பின்னோக்கி எடுக்கும்போதும் உரசல் இல்லை. நிற்கும் தோற்றம் கடைக்காரர் காட்டிய படம் அளவுக்கு இல்லை என்று என் மகன் சொல்கிறான். எனக்குக் குறை தெரியவில்லை.

ஒரு கேள்வி மிச்சம். ஸ்டெப்னியாகப் பழைய 255/60 ஆர் 18 தான் சரக்குத் தொட்டிக்கு அடியில் தொங்குகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

பழைய பட்டறை, முதலியார்பேட்டை

விட்டத்தில் 40 மி.மீ. வேறுபாடு. அந்த ஸ்டெப்னியோடு நான்கு சக்கர ஓட்டத்தைப் போடவே கூடாது. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, இரு அச்சுகளுக்கும் சுழற்சியைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸை வதைக்கும். இரு சக்கர ஓட்டத்திலும் அதைப் பின்னால் மாட்ட வேண்டாம், டிஃபரென்ஷியல் ஓயாமல் சுழலும். பின் டயர் பஞ்சர் என்றால் முன் டயர் ஒன்றைப் பின்னுக்கு மாற்றி, ஸ்டெப்னியை முன்னால் போட்டு, பஞ்சர் கடை வரை மெதுவாகப் போங்கள். இது ஒட்டுவேலைதான். தோப்புக்குள் மழையில் பஞ்சரானால் நான்கு சக்கர ஓட்டம் இல்லாமல் வெளியே வர முடியாது. ஆகவே ஐந்தாவதாக அதே அளவு டயரும் ஒரு சாதாரண 17 அங்குல இரும்பு ரிம்மும் வாங்கிவிடுங்கள். இரும்பு ரிம்முக்கும் அலாய்க்கும் நட்டு வேறாக இருக்கலாம், கேட்டு வாங்கவும். தொட்டிக்கு அடியில் ஏற்றும்போது சைலன்ஸர் குழாயிலிருந்தும் லீஃப் ஸ்பிரிங்கிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்கிறது என்று மூட்டை ஏற்றிய நிலையில் அளந்து பாருங்கள். இரண்டு விரல்கூட இல்லையென்றால் தொட்டிக்குள் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள்.